இடைவேளை வரை பரிந்துரைக்கப்படுகிறது

யாழ்ப்பாணக் குடாநாட்டில் யார் எந்தப் படத்தைப் பார்க்கலாம் என்று தீர்மானிப்பதற்கு ஒரு மன்றம் இருக்கிறது என்பது, குருநகர் அடைக்கலநாதனுக்குச் சாகக் கிடக்கும்வரை தெரியாது. அதுவரை அவர் கடலுக்குப் போனார், கரைக்கு வந்தார், கிழிந்த வலை பொத்தினார். படம் என்பது அவரைப் பொறுத்தவரை பஸ்ஸில் போட்டால் பார்ப்பது. போடாவிட்டால் யன்னலால் வெளியே பார்ப்பது.

தொண்டையில் கட்டி வந்த பிறகு வைத்தியத்துக்காகக் கொழும்புக்கு அடிக்கடி பஸ்ஸில் போக நேர்ந்தது. அந்த பஸ்ஸில் ஒரே ஒரு படம்தான் இருந்தது. அதை அவர் பாதி பார்த்தார். போன ஒவ்வொரு முறையும் அதே பாதியைத்தான் பார்த்தார். தேநீர்க் கடையடியில் பஸ் நிற்கும் நேரத்துக்குத் திரையில் ‘இடைவேளை’ என்று விழும். தேநீர் குடித்து ஏறியவர்கள் நித்திரைக்கு ஆயத்தமாவார்கள். சாரதி படத்தை நிறுத்திவிடுவார். திரும்பி வரும்போது மரியாதையாக முதலிலிருந்து போடுவார்கள். மறுபடியும் தேநீர்க் கடை வரும்.

படத்தின் கதை பெரிய கதையல்ல. கதாநாயகன் ஒரு பஸ் கொண்டக்ரர். ஆட்டு வியாபாரி ஒருவரின் மகளை விரும்புகிறான். அவளுக்கு மூன்று தமையன்மார். மூவரும் சேர்ந்து கொண்டக்ரரைப் பிடித்து அடித்துச் சாக்கில் போட்டுக் கட்டி, பாலத்திலிருந்து ஆற்றில் எறிகிறார்கள். சாக்கு தாழ்கிறது. நீர்க்குமிழி வருகிறது. இடைவேளை.

கொழும்பு வைத்தியர்கள் இனிமேல் வரவேண்டாம் என்று சொன்னார்கள். தெல்லிப்பழையிலிருந்து அச்சுவேலிக்குப் போகும் வழியில் உள்ள ஆறுதல் பராமரிப்பு இல்லத்தில் அடைக்கலநாதனைச் சேர்த்தார்கள். அங்கே வருகிறவர்கள் சுகப்பட்டுப் போவதற்காக வருவதில்லை. இது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். ஆனபடியால் யாரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. அடைக்கலநாதன் காற்றுப் போன குரலில் கொண்டக்ரரின் கதையைச் சொன்னார். வார்ட் முழுவதும் அதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கியது.

“அவன் சாகேல்லை,” என்றார் அடைக்கலநாதன். “நான் பாத்தனான். அந்தச் சாக்குக்குப் போட்ட முடிச்சு பிழையான முடிச்சு. தண்ணி பட்டா வழுகும். உதாலை கட்டினா ஒரு மீன்கூட நிக்காது.”

“அண்ணை, அவன் செத்திட்டான்,” என்றார் பக்கத்துக் கட்டிலில் கிடந்த அச்சுவேலி வெங்காயத் தோட்டக்காரர். “இனி அவன்ரை தம்பி வருவான். அச்சு அசலா அவனைப் போலையே இருப்பான்.”

“ரெண்டு பேருக்கும் விசர்,” என்றார் மூக்கில் ஒட்சிசன் குழாயோடு இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர். “சாக்குக்குள்ளை ஆள் மாறியிருக்கு. நான் எத்தினை பாசல் பாத்தவன்.”

இதில் யார் சரி என்பது தீராமல் கிடந்தது. ஒரு நாள் வைத்தியர், அடைக்கலநாதனின் மனைவி இராசாத்தியை விறாந்தைக்குக் கூப்பிட்டு, “இனி அவருக்கு விருப்பமானது எதெண்டாலும் குடுங்கோ அம்மா,” என்றார். அதன் பொருள் இராசாத்திக்கு விளங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து கேட்டாள்.

“இஞ்சேருங்கோ, உங்களுக்கு என்ன வேணும்? ஒடியல் கூழ் காய்ச்சி வடிச்சுக் கொண்டு வரட்டே?”

“விழுங்கேலாது,” என்றார் அவர். பிறகு கொஞ்சம் யோசித்து, “பின்பாதி,” என்றார்.

இராசாத்தியின் தம்பி சுபாஸ் ஓட்டோ ஓடுகிறவன். அவன் தன்னுடைய போனில் அன்றைக்கே படத்தைத் தேடி எடுத்துவிட்டான். எடுத்து அத்தானின் முகத்துக்கு நேரே பிடித்தான். மருந்து ஏறிய கண்ணுக்கு அந்தச் சின்னத் திரையில் ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சம் மட்டும் தெரிந்தது. “ஆரடா ரோச் அடிக்கிறது?” என்று கேட்டுவிட்டு மற்றப் பக்கம் திரும்பினார். அவர் பார்க்காத பின்பாதியைத் தாங்கள் முந்திப் பார்ப்பது முறையில்லை என்று சுபாஸும் போனை மூடி வைத்தான்.

வார்ட்டின் சுவரில் ஒரு பெரிய ரீவி இருந்தது. அதில்தான் இந்தக் கதையின் சங்கடம் தொடங்குகிறது.

அந்த ரீவி, உன்னத சினிமாப் பரிந்துரை மன்றம் என்னும் அமைப்பின் ஊடாக இல்லத்துக்குக் கிடைத்தது. இந்திய, ஹொலிவூட், உலக சினிமாவில் பார்க்கத் தகுந்தவை எவை என்று மக்களுக்குப் பரிந்துரைப்பது மன்றத்தின் பணி. மக்கள் அதைக் கேட்டு நடக்கவில்லை. அவர்கள் தங்கள் வீடுகளில் தங்கள் பாட்டில் கண்டதையும் பார்த்தார்கள். எழுந்து போக முடியாத பார்வையாளர்களைத் தேடிய மன்றம் கடைசியில் ஆறுதல் இல்லத்தைக் கண்டுபிடித்தது.

ஒப்பந்தப்படி, மன்றம் பரிந்துரைத்த படங்களை மட்டுமே அந்த ரீவியில் போடலாம். ரீவி ஒரு கம்பிக் கூட்டுக்குள் பூட்டப்பட்டிருந்தது. பூட்டின் திறப்பும் றிமோட்டும் மன்றத்தின் செயலாளர் ஜெபநேசனிடம் இருந்தன. அவர் ஞாயிறு பின்னேரங்களில் வந்து திறந்து, போட்டு, பூட்டிக்கொண்டு போவார்.

ரீவி வாங்கக் காசு அனுப்பியவர் கனடாவில் இருந்தார். காலஞ்சென்ற தகப்பனின் பெயரில் ஒரு பித்தளைத் தகடு பொருத்த வேண்டும் என்பது அவருடைய நியாயமான விருப்பம். கூட்டில் பொருத்தினால் படமெடுத்து அனுப்பும்போது தெரியாது என்பதால், திரையின் அடிப்பகுதிக்குக் குறுக்கே தகட்டைப் பொருத்தினார்கள். அமரரின் தோற்றமும் மறைவும் பிள்ளைகளின் பெயர்களும் அதில் இருந்தன. உலக சினிமாவுக்குக் கீழே எழுத்து ஓடும் இடமும் அதுதான். ஆகவே ஆறுதல் இல்லத்து நோயாளிகள் உலகத்தின் பல பாஷைகளில் பல பேர் அழுவதைப் பார்த்தார்கள். ஏன் அழுகிறார்கள் என்பது அமரரின் மறைவுத் திகதிக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

இதை வார்ட்டுக்குப் பொறுப்பான தாதி சீலா ஒருமுறை மன்றத்துக்குச் சொன்னாள். உலக சினிமாப் பிரிவின் பொறுப்பாளர் டிலக்ஷன், தாடியைத் தடவியபடி பதில் சொன்னான்: “மிஸி, சினிமா எண்டது காட்சிமொழி. எழுத்தை வாசிக்கிறவன் படம் பாக்கிறதில்லை. அந்தத் தகடு உண்மையிலை எங்களுக்கு ஒரு வரப்பிரசாதம்.”

உலகப் பிரிவு கடைசியாகப் பரிந்துரைத்த படத்தில் ஒரு கிழவர் பனியில் குழி வெட்டினார். படம் முழுக்க வெட்டினார். கடைசியில் அதற்குள் போய்ப் படுத்தார். வார்ட்டில் ஒருவரும் அன்றைக்குச் சாப்பிடவில்லை. தோட்டக்காரர் மட்டும், “குழி ஆழம் காணாது,” என்றார்.

ஹொலிவூட் பிரிவு ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை மீனாம்பிகையின் கையில் இருந்தது. முத்தமில்லாத படங்களை மட்டும் பரிந்துரைப்பது அவர் கொள்கை. தேடித் தேடிக் களைத்து, எரிமலைகளைப் பற்றிய ஒன்றையும் எறும்புகளைப் பற்றிய ஒன்றையும் கண்டெடுத்தார். எறும்புப் படத்தில் இரண்டு எறும்புகள் முகத்தோடு முகம் வைத்த இடத்தை வெட்டிய பிறகே அனுப்பினார்.

இந்தியப் பிரிவைத் தலைவர் இராசநாயகமே பார்த்துக்கொண்டார். கல்வி அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். இந்தியாவின் பல மாநிலங்களிலிருந்தும் படங்கள் அவருடைய பரிந்துரையில் இருந்தன, தமிழ் தவிர. காரணம் கேட்டவர்களுக்கு அவர் தெளிவாகச் சொன்னார்: “தமிழ்ப் படம் எங்கடை சனத்துக்கு விளங்கும். விளங்குகிற ஒன்றுக்கு எதற்குப் பரிந்துரை?”

இராசாத்தி சீலாவிடம் போய்க் கேட்டாள்.

“மிஸி, ஒருக்கா அந்தப் படத்தை உந்த ரீவியிலை போடேலாதே?”

“திறப்பு என்னட்டை இல்லை அக்கா. வேறை ரீவி கொண்டந்து வைக்கவும் விடாயினம். அதுவும் ஒப்பந்தத்திலை கிடக்கு. அவை ஜெனரேற்றர் ஒண்டு எடுத்துத் தாறம் எண்டிருக்கினம், இல்லத்தை நடத்துற பெரியவர் அவையைப் பகைக்க வேண்டாமெண்டு நிக்கிறார். நீங்கள் நேரை போய் மன்றத்திலை கேட்டுப் பாருங்கோ. படிச்ச மனிசர். சாகிற ஆளுக்கு மாட்டன் எண்டே சொல்லப் போகினம்?”

படித்த மனிசர்கள் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு மேல்மாடி அறையில் கூடியிருந்தார்கள். இராசாத்தி போனபோது, ‘பார்க்கத் தகுந்தவை’ என்னும் மன்றத்தின் ஆண்டு நூலின் அட்டையில் தலைவரின் படம் நின்றபடி இருக்க வேண்டுமா, இருந்தபடி இருக்க வேண்டுமா என்ற விவாதம் நடந்துகொண்டிருந்தது. அவளை வாங்கில் இருக்கச் சொன்னார்கள். நிற்பது என்று முடிவானதும் கூப்பிட்டார்கள்.

“என்ன படம் அம்மா?” என்று கேட்டார் செயலாளர் ஜெபநேசன்.

“கொண்டக்ரரின்ரை படம் ஐயா.”

“எந்த நாட்டுப் படம்?”

“கொழும்பு பஸ்ஸிலை போடுறது.”

“பிரதான கருப்பொருள் என்ன?”

இராசாத்திக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. பிறகு, கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காக, புருஷன் சொல்லக் கேட்டதையெல்லாம் சொன்னாள். ஆட்டு வியாபாரி, மகள், தமையன்மார், பாலம், சாக்கு. சாக்கு என்றதும் டிலக்ஷன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“அம்மா, கொஞ்சம் பொறுங்கோ. அந்தச் சாக்குக்குள்ளை இருக்கிறது ஆர் எண்டு நினைக்கிறியள்?”

“கொண்டக்ரர் தம்பி.”

“இல்லை அம்மா. அது மூன்றாம் உலகம்.”

“இல்லைத் தம்பி,” என்றாள் இராசாத்தி பணிவாக. “அவர் எத்தினையோ தரம் பாத்தவர். கொண்டக்ரர்தான்.”

மீனாம்பிகை, படத்தில் முத்தம் உண்டா என்று கேட்டார். கன்னத்திலா, வேறெங்குமா என்றும் கேட்டார். தமிழ்ப் படம் என்றால் தன் பிரிவுக்கு வராது என்று தலைவர் சொன்னார். மூன்றாம் உலகம் உள்ளே இருப்பதால் உலகப் பிரிவுக்கு எடுக்கலாம் என்று டிலக்ஷன் சொன்னான். அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். அடுத்த கூட்டம் பொங்கல் கழிந்து.

“ஐயா, அவருக்கு நாள் இல்லை,” என்றாள் இராசாத்தி.

“எங்களுக்கும் நாள் இல்லைத்தான் அம்மா,” என்றார் தலைவர் அனுதாபத்தோடு. “நூல் வெளியீடு கிடக்கு.”

ஜெபநேசன் இரக்கமுள்ளவர். மன்றத்தின் யாப்பு விதிகளில் அவசரப் பரிந்துரை என்று ஒரு பிரிவு இருப்பதை எடுத்துக் காட்டினார். அதற்கு, ஆள் சாகிறார் என்று கிராம அதிகாரியான விதானையாரிடம் ஒரு உறுதிப்படுத்தல் வேண்டும்.

விதானையார் நேர்மையான மனிதர். “அக்கா, உயிரோடை இருக்கிறார் எண்டு தரலாம். செத்திட்டார் எண்டும் தரலாம். ரெண்டுக்கும் நடுவிலை ஒண்டு தர எனக்கு அதிகாரமில்லை,” என்றார். இராசாத்தி உயிரோடு இருப்பதாக வாங்கிக்கொண்டு போனாள். மன்றம் அதை வாசித்துவிட்டு, ஆள் உயிரோடு இருப்பது அரசாங்கத்தால் உறுதிப்படுத்தப்பட்டிருப்பதால் அவசரம் இல்லை என்று தீர்மானித்தது.

கடைசியில் பங்குத் தந்தையிடம் ஓடினாள். அவர் வந்து அடைக்கலநாதனுக்கு சாகப்போகிறவர்களுக்கான அவஸ்தை பூசி, பூசியதாக எழுதியும் கொடுத்தார். எழுதும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “உண்மையாகவே இது ஒரு படத்துக்கோ பிள்ளை?” இராசாத்தி “ஓம் ஃபாதர்,” என்று சொல்லிவிட்டு, தான் என்னவோ களவு செய்தவள் போலக் குனிந்துகொண்டாள்.

மன்றம் திருப்தியடைந்தது. உபகுழு அமைக்கப்பட்டது. அறிக்கை வந்தது. அடைக்கலநாதனின் தலைமாட்டில் நின்று சீலா அதை வாசித்தாள். படம் பரிந்துரைக்கப்பட்டிருக்கிறது, விழாவுடன் திரையிடப்படும். அறிக்கையின் அடியில் இன்னும் ஏதோ நுணுக்கமான எழுத்தில் இருந்தது. ஆனால் ‘பரிந்துரைக்கப்படுகிறது’ என்பதைக் கேட்டவுடனேயே வார்ட்டில் கை தட்டத் தொடங்கிவிட்டார்கள். அடைக்கலநாதன் கையைத் தூக்கித் தோட்டக்காரருக்கு ஒரு முடிச்சைக் காற்றில் போட்டுக் காட்டினார்.

விழா அன்று காலையிலிருந்தே ஆட்கள் வந்தார்கள். வாழைமரம் கட்டினார்கள். வார்ட்டின் நடுவில் ஆளுயரக் குத்துவிளக்கை வைத்தார்கள். சீலா ஓடி வந்தாள்.

“ஐயா, இஞ்சை விளக்குக் கொளுத்தேலாது. ஒட்சிசன் போய்க்கொண்டிருக்கு. நெருப்புப் பிடிக்கும்.”

இராசநாயகம் விளக்கைப் பார்த்தார். ஒட்சிசனைப் பார்த்தார். “மங்கல விளக்கு இல்லாமல் இந்த மன்றம் ஒரு நிகழ்வும் செய்ததில்லை பிள்ளை,” என்றார். “அந்தச் சிலிண்டரைக் கொஞ்ச நேரம் வெளியிலை வையுங்கோ.”

தபால்காரரையும் அவருடைய சிலிண்டரையும் விறாந்தைக்குத் தள்ளிக்கொண்டு போய் வெயிலில் வைத்தார்கள். “எடேய், சாக்குக்குள்ளை ஆரெண்டு எனக்குக் கத்திச் சொல்லுங்கோடா,” என்று அவர் அங்கிருந்து கேட்டுக்கொண்டார்.

விளக்கேற்றல் நடந்தது. வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை நடந்தன. ஒரு நோயாளி சத்தி எடுத்தார்; அது துடைக்கப்படும்வரை வாழ்த்துரை சற்றுத் தாமதித்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அடைக்கலநாதனைத் தலையணை வைத்து நிமிர்த்தி, ‘உன்னத ரசிகர்’ என்று சொல்லிப் பொன்னாடை போர்த்தினார்கள். ஒரு பக்கம் போர்த்தினால் மறுபக்கம் சரிந்தது. படமெடுப்பவர் சரியாக எடுக்கும்வரை மூன்று பேர் மாறி மாறிப் போர்த்தினார்கள். அவருக்கு மூச்சு வாங்கியது. இராசாத்தி கையைப் பிசைந்தபடி ரீவியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தலைவர் தலைமையுரை ஆற்றினார்.

“அன்பர்களே, நான் வாழ்க்கையில் ஒரு படத்தைக்கூடப் பார்த்ததில்லை. இதை நான் பெருமையோடு சொல்கிறேன். படம் பார்க்கிறவனுக்கு அந்தப் படத்தில் விருப்பு வெறுப்பு வந்துவிடும். பார்க்காதவனே நடுநிலையானவன். அந்த நடுநிலைக்காகத்தான் என்னை இந்த மன்றம் தொடர்ந்து தலைவராகத் தெரிவு செய்து வருகிறது. மக்கள் கண்ட படத்தையும் பார்ப்பதற்குக் காரணம், அவர்களிடம் கண் இருப்பது. கண் இருப்பவனுக்கு வழிகாட்டுவது கடினம். ஆனால் இங்கே, இந்தக் கட்டில்களில், எங்கள் பரிந்துரைகளை ஏற்றுக்கொண்டு ஒருவர்கூட எழுந்து போகாமல் இருக்கிறீர்களே, இந்த உயர்ந்த ரசனையை நான் வேறெங்கும் கண்டதில்லை...”

அவர் இன்னும் நெடுநேரம் கண்டதில்லை. பிறகு ஜெபநேசன் கூட்டைத் திறந்து படத்தைப் போட்டார்.

கொண்டக்ரர் வந்தான். ஆட்டு வியாபாரி வந்தார். முன் வரிசைக் கதிரையில் தலைவர் நிமிர்ந்து இருந்தார். ஒரு பிரமுகர் திரையிடலின்போது எழுந்து போவது அழகல்ல என்பதால் அவரால் தப்ப முடியவில்லை. தமையன்மார் கொண்டக்ரரைத் துரத்தியபோது அவருடைய வாய் மெல்லத் திறந்தது. பாலத்தில் சாக்கைத் தூக்கியபோது கதிரைக் கையை இறுக்கிப் பிடித்தார். சாக்கு விழுந்தது. தாழ்ந்தது. நீர்க்குமிழி வந்தது. ‘இடைவேளை’ என்று விழுந்தது.

ஜெபநேசன் எழுந்து ரீவியை நிறுத்தினார். கூட்டைப் பூட்டினார். திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

“ஐயா, இனி?” என்றாள் இராசாத்தி.

“இனி நன்றியுரை.”

“இல்லை ஐயா, மிச்சப் படம்?”

“அறிக்கையிலை தெளிவாகப் போட்டிருக்கே அம்மா. இடைவேளை வரை பரிந்துரைக்கப்படுகிறது.”

சீலா அறிக்கையை எடுத்து அடியில் இருந்த நுணுக்கெழுத்தைப் பார்த்தாள். அப்படித்தான் இருந்தது.

“அவர் முன்பாதியை எத்தினையோ தரம் பாத்தவர் ஐயா! பின்பாதிக்குத்தானே நான் நாயாய் அலைஞ்சனான்!”

டிலக்ஷன் இடையில் வந்து பொறுமையாக விளக்கினான். “அம்மா, முன்பாதியிலை தற்செயலாக ஒரு குறியீட்டுத் தரம் வந்திருக்கு. அதை நாங்கள் அங்கீகரிச்சிட்டம். பின்பாதி வணிகக் குப்பை.”

“பின்பாதியிலை என்ன நடக்குது தம்பி? வாயாலையெண்டாலும் சொல்லுங்கோவன்.”

டிலக்ஷன் ஜெபநேசனைப் பார்த்தான். ஜெபநேசன் மீனாம்பிகையைப் பார்த்தார். மீனாம்பிகை தன் கைப்பையைப் பார்த்தார்.

“நீங்கள் ஒருதரும் பாக்கேல்லையே?”

“குப்பை எண்டு தெரியிறதுக்குக் கிண்டிப் பாக்க வேணுமே அம்மா?” என்றான் டிலக்ஷன்.

விறாந்தையிலிருந்து தபால்காரர், “டேய், ஆரடா உள்ளுக்கை?” என்று கத்தினார். நன்றியுரை தொடங்கியது. அடைக்கலநாதன் பொன்னாடைக்குள்ளிருந்து மனைவியைப் பார்த்தார்.

“விடும்,” என்றார். “பஸ்காரனும் உதிலைதான் நிப்பாட்டுறவன். ஆனா அவன் பேச்சுப் பேசிறேல்லை.”

எல்லாரும் சிற்றுண்டி சாப்பிட்டுப் போன பிறகு, சீலா தபால்காரரை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தாள். அவருக்குக் குழாயைச் சரிசெய்தாள். குத்துவிளக்கின் எண்ணெய் நிலத்தில் ஊற்றிக் கிடந்ததைத் துடைத்தாள். பிறகு நிமிர்ந்து இராசாத்தியிடம் சொன்னாள்:

“அக்கா, உங்கடை வீட்டிலை ரீவி இருக்கோ?”

“இருக்கு மிஸி. ஒப்பந்தம்?”

“ஒப்பந்தத்தை எனக்கு வாசிச்சுக் காட்டினவை. படம் பாக்காமல் அவை குப்பை எண்டு சொல்லலாமெண்டால், ரீவியைப் பாக்காமல் நான் இல்லை எண்டு சொல்லலாம். நாளைக்குக் காலமை கொண்டு வாங்கோ. ஜெனரேற்றரும் வேண்டாம், அவையின்ரை விளக்கும் வேண்டாம்.”

விடிந்ததும் சுபாஸ் அக்காவின் ரீவியைப் போர்வையால் சுற்றி, ஓட்டோவின் பின் சீற்றில் வைத்து வலைக் கயிற்றால் வரிந்து கட்டிக்கொண்டு வந்தான். மருந்து கொண்டுவரும் தள்ளுவண்டியில் அதை வைத்து, அடைக்கலநாதனின் கால்மாட்டுக்குத் தள்ளினார்கள். மேலே கம்பிக் கூட்டுக்குள் மன்றத்தின் ரீவி அமரரின் பெயரோடு கறுப்பாக இருந்தது. தோட்டக்காரர் கட்டிலைத் திருப்பச் சொன்னார். தபால்காரருக்கு நடுவில் இடம் கொடுத்தார்கள். நேற்று வெயிலில் இருந்தவர் என்ற காரணம் எல்லாருக்கும் சரியாகப் பட்டது.

“எதிலையிருந்து போட அத்தான்?” என்று தன் போனை ரீவியோடு கொழுவியபடி கேட்டான் சுபாஸ்.

“குமிழியிலையிருந்து.”

பின்பாதி ஓடியது. கொண்டக்ரர் சாக்குக்குள் இருக்கவேயில்லை. சாக்குக்குள் இருந்தது ஒரு கிடாய். எப்போது மாற்றினார்கள், யார் மாற்றினார்கள் என்று படத்தில் ஒருவரும் சொல்லவில்லை. கொண்டக்ரர் அடுத்த நிமிடம் ஏதோ வெள்ளைக்கார நாட்டில் ஆட்டு வியாபாரியின் மகளோடு ஆடிக்கொண்டிருந்தான். அவள் அங்கே எப்படி வந்தாள் என்பதும் தெரியவில்லை. பிறகு மீசை வைத்துக்கொண்டு பொலிஸ் அதிகாரியாகத் திரும்பி வந்தான். தமையன்மார் காலில் விழுந்தார்கள். கல்யாணம் நடந்தது. கல்யாணத்தில் எல்லாரும் கிடாய் இறைச்சி சாப்பிட்டார்கள்.

“நான் சொன்னனான் பாசல் மாறினதெண்டு!” என்றார் தபால்காரர்.

“உதென்ன கண்டறியாத கதை?” என்றார் தோட்டக்காரர். “அந்தக் கிடாய் ஒருக்காக் கத்தியிருக்காதே?”

அடைக்கலநாதன் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். இவ்வளவு பாடுபட்டு எடுத்துக் கொடுத்தது இப்படியாகிப் போனதே என்று இராசாத்தி கிட்டப் போய்க் குனிந்தாள்.

“என்னப்பா?”

“முடிச்சு அவிழவேயில்லை,” என்றார் அவர். “படம் எடுத்தவனுக்குக் கயிறும் தெரியாது, கதையும் தெரியாது. இது சரியான குப்பை.”

“அப்ப உவை சொன்னது சரிதானே?”

“சரிதான்.” அவர் மூச்சை எடுத்துக்கொண்டார். “ஆனா உவை பாராமச் சொன்னவை. நான் பாத்திட்டுச் சொல்லுறன்.”

அவர் முகத்தில் அப்படியொரு தெளிவை இராசாத்தி பல மாதமாகக் காணவில்லை. அன்று பகல் முழுக்க வார்ட்டில் அந்தப் படத்தைத் திட்டினார்கள். கொண்டக்ரரையும், கிடாயையும், படம் எடுத்தவனின் பரம்பரையையும் திட்டினார்கள். அடைக்கலநாதன்தான் முன்னுக்கு நின்று திட்டினார். குரல் போனபோது கையால் திட்டினார். சீலா மருந்து கொண்டு வந்தபோதும், “பொறுங்கோ மிஸி, இதைச் சொல்லி முடிக்கிறன்,” என்றார்.

அந்தக் கிழமை போவதற்குள் அவர் செத்துப் போனார்.

குருநகர் வீட்டுக்கு முன்னால் தறப்பாள் பந்தல் போட்டுக் கதிரைகள் வைத்திருந்தார்கள். உள்ளே பெட்டியைச் சுற்றிப் பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். மன்றம் மலர்வளையத்தோடு வந்தது. ஒரு பதாகையையும் கொண்டு வந்தார்கள். அதில் அடைக்கலநாதன் பொன்னாடையோடு இருந்தார். பின்னால் தலைவர் நின்றுகொண்டிருந்தார். இடம் கேட்டு வாங்கி, தலைவர் இரங்கலுரையும் ஆற்றினார்.

“அன்னார் எங்கள் மன்றத்தின் உன்னத ரசிகர். பரிந்துரைக்கப்பட்டதைப் பார்த்து, பரிந்துரைக்கப்படாததை விரும்பாமல், இடைவேளையோடு மனம் நிறைந்து விடைபெற்றவர். இந்தக் கட்டுப்பாடு எங்கள் இளைய தலைமுறைக்கு...”

பந்தலுக்கு வெளியே ஓட்டோவில் சாய்ந்து நின்ற சுபாஸ் காறித் துப்பினான்.

உரை முடிந்தது. மன்றத்தினர் சோடா குடித்தார்கள். புறப்படும்போது இராசநாயகம் மற்றவர்களை முன்னுக்குப் போக விட்டுவிட்டு, செருப்புப் போடுகிறவர் போல வாசலடியில் நின்றார். இராசாத்தி வெளியே வந்ததைக் கண்டதும் கிட்ட வந்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

“அம்மா, குறை நினைக்க வேண்டாம். நீங்கள் அங்கை வேறை ரீவியிலை முழுதும் போட்டனீங்களாம். அதை நான் மன்றத்துக்குக் கொண்டு போகப் போறதில்லை. ஒரு சின்ன விசயம்... அண்டையிலை இருந்து எனக்கு நித்திரையில்லை. அந்தச் சாக்குக்குள்ளை ஆர் அம்மா இருந்தது?”

இராசாத்தி அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, வீட்டுக்குள்ளே கையைக் காட்டினாள்.

“அந்தா கிடக்கிறார் ஐயா. முழுசாப் பாத்தவர் அவர்தான். போய்க் கேளுங்கோ.”